கடைக்காரரும் அரசிதழும்

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி, சென்னைக் கோட்டையில் நடைபெற்ற மானியக் கோரிக்கைக் கூட்டத்தொடரின் கடைசி நாளன்று, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை நிறைவேற்றிய சட்டமுன்வடிவுகளில் இரண்டை, மாநிலச் சட்டங்களைத் தொடர்ந்து வாசிப்பதையே ஒரு கடமையாக மேற்கொண்டுவிட்ட நான் இன்றும் எடுத்துப் படித்து யோசிப்பதுண்டு. ஒன்று, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்து, வேலை நேரம், இடை ஓய்வு, மிகைநேர ஊதியம் முதலியவை பற்றிய பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்க முற்பட்ட திருத்தம். பத்திரிகைகள் அதற்குப் பன்னிரண்டு மணி நேர வேலைச் சட்டம் என்று பெயர் வைத்தன. மற்றொன்று, 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களின் பொருட்டு, இடையிலே ஓடையும் வாய்க்காலும் குறுக்கிடும் நிலங்களை ஒன்று சேர்ப்பதற்கு வழி வகுத்த, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். முன்னதைப் பற்றி அன்று மாலைக்குள் தமிழ்நாடெங்கும் பேச்சு எழுந்துவிட்டது; பின்னதைப் பற்றிப் பேசியவர்கள் வெகு சிலரே.

முன்னதன் கதி எல்லோரும் அறிந்ததே. இடதுசாரிகள் உள்ளிட்ட தோழமைக் கட்சியினரே அவையில் எதிர்த்து வெளிநடப்புச் செய்ய, தொழிற்சங்கங்கள் கட்சி வேற்றுமையின்றி ஒரே குரலாய் ஆட்சேபிக்க, ஏப்ரல் 24-ஆம் தேதி அது நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டு, மே தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் அவர்களாலேயே திரும்பப் பெறப்பட்டது. நில ஒருங்கிணைப்புச் சட்டமோ அந்த ஆரவாரத்தின் மறைவிலே தன் வழியே சென்று, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆளுநரின் அனுமதியையும் பெற்று, இன்று சட்டப் புத்தகத்தில் நிலையாக அமர்ந்திருக்கிறது. அது நல்லதா, தீயதா என்ற தர்க்கத்துக்குள் நான் இப்போது புக விரும்பவில்லை. நிலமும் நீரும் தொழிலும் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய சட்டம், அதனால் லாபம் அடையப் போகிறவர்களுக்கும் நஷ்டம் அடையப் போகிறவர்களுக்கும் சரிவரத் தெரியாமலே நிறைவேறிற்று என்பதே என் மனத்தை விட்டு அகலாத விஷயம்.

தொழிற்சாலைத் திருத்தம் அவையில் அறிமுகமான தேதி ஏப்ரல் 12. நிறைவேறிய தேதி 21. இடையே ஒன்பது நாள். 1986-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியோடு சட்ட மேலவை கலைக்கப்பட்டுவிட்டபடியால், ஒரு சபை அவசரத்தில் செய்ததை இன்னொரு சபை ஆற அமர்ந்து பரிசீலிக்கும் சந்தர்ப்பமும் நம் மாநிலத்தில் இல்லை. ஆகவே ஒரு சட்டமுன்வடிவின் அச்சுப் பிரதி உறுப்பினர்களின் மேசைக்கு வருவதற்கும், குரல் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது என்று பேரவைத் தலைவர் அறிவிப்பதற்கும் நடுவே கிடைக்கும் சொற்ப அவகாசந்தான், அச்சட்டத்தால் பாதிக்கப்படப் போகும் பிரஜை அதைப் படித்து, புரிந்துகொண்டு, தன் தொகுதி உறுப்பினரைத் தேடிப் போய்த் தன் அபிப்பிராயத்தைச் சொல்வதற்கு வாய்த்த காலம் முழுவதும்.

தென் மாவட்டத்து வியாபார ஊர் ஒன்றில், வியாபாரிகள் சங்கத்தின் சார்பில், மாதந்தோறும் ஒரு சுற்றறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. மாநில அரசு என்ன சட்டம் கொண்டு வருகிறது, எந்த விதி மாறுகிறது, எந்த அரசாணை எப்போது காலாவதியாகிறது என்பவற்றை எளிய தமிழில் எழுதி, பலசரக்குக் கடை, பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, எண்ணெய்ச் செக்கு, அச்சகம் என்று பலதரப்பட்ட அங்கத்தினர்களுக்கும் அனுப்ப வேண்டும். எங்கள் பஜாரில் என்னைப் பார்க்கிறவர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி ஒன்றே: "அண்ணாச்சி, அந்தச் சட்டம் வந்துட்டா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." கேட்கிறவருடைய பிரயாசை எனக்கு நன்றாகத் தெரியும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சட்ட விளக்கம் கேட்க நேரம் ஏது? ஆயினும் அக்கேள்விக்கு ஒரே வார்த்தையில் விடை சொல்ல இயலாதபடி நம்முடைய சட்டங்கள் ஓரிடத்தில் பிறந்து, இன்னோரிடத்தில் அனுமதி பெற்று, மற்றொரு நாளில் உயிர் பெற்று, வேறொரு நாளில் விதிகளாகக் கிளைத்துப் பரவுகின்றன. அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்.

வாடகைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏனெனில் கடைத்தெருவில் பத்துப் பேரைக் கண்டால் அவர்களில் பெரும்பாலோர் வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்களே. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலில் இருந்தவரை, வேண்டுமென்றே வாடகை கொடாமை, உரிமையாளரின் சொந்த உபயோகம், இடித்துக் கட்டுதல் போன்ற குறிப்பிட்ட காரணங்களை நிரூபித்தாலன்றிக் கட்டட உரிமையாளர் குடியிருப்பவரைக் காலி செய்விக்க முடியாது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல், தகப்பனார் காலத்து வாய்ப்பேச்சின் பேரிலேயே தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தி வந்தவர்கள் அச்சட்டத்தின் நிழலில் நிம்மதியாக இருந்தார்கள். 2017-ஆம் ஆண்டு பேரவை, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்ற புதிய சட்டத்தை இயற்றியது. சொத்துரிமை மாற்றம் பற்றிய மத்தியச் சட்டத்தோடு முரண்பட இடமிருந்தமையால் அது குடியரசுத் தலைவரின் அனுமதியையும் பெற வேண்டியிருந்தது. அனுமதியும் கிடைத்து, அரசிதழிலும் பிரசுரமாகிவிட்டது. ஆனாலும், அரசு நிர்ணயிக்கும் தேதியில்தான் நடைமுறைக்கு வரும் என்று சட்டமே சொல்லியிருந்ததால் அது உடனே நடைமுறைக்கு வரவில்லை. அந்தத் தேதி 2019 பிப்ரவரி 22 என்று பின்னரே குறிக்கப்பட்டது.

2017-இல் செய்தியைப் படித்துக் கவலைப்பட்டவர்களுக்கு, 2018 முழுவதும் ஒன்றும் நடவாதது கண்டு, இனி அது வராது என்ற எண்ணம் உண்டாகிவிட்டது. அது வந்தபோது அவர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள்? பழைய வாய்மொழி வாடகைகளை எல்லாம் 90 நாளுக்குள் எழுத்து மூலமான ஒப்பந்தமாக்கி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது புதிய சட்டத்தின் கட்டளை. அக்கெடு பிற்பாடு நீட்டிக்கப்பட்டது உண்மை. ஆனால் அதனினும் முக்கியமானது, ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காலி செய்விப்பதற்கு ஒரு காரணமாக அச்சட்டம் 21-ஆம் பிரிவில் வைத்திருந்தது என்பது. அந்தப் பிரிவைப் படிக்காத வாடகைதாரர், தாம் ஒழுங்காக வாடகை கொடுத்து வருவதே தமக்குப் பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருந்தார். படித்தவர், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாதென்று அதே சட்டம் பொதுவாக வகுத்திருப்பதையும், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அவ்வரம்பு கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு, உரிமையாளரோடு உட்கார்ந்து பேசி ஏதோ ஒரு சமாதானத்துக்கு வர முடிந்தது. இருவருக்கும் நடுவிலிருந்த பேதம் பணமும் அல்ல, செல்வாக்கும் அல்ல; உரிய காலத்தில் கிடைத்த செய்தி ஒன்றே.

இதைவிட நீண்ட உறக்கம் உறங்கிய சட்டமும் உண்டு. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சொற்ப காலத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்து, திருத்தங்களோடும் புதிய விதிகளோடும் 2023 ஏப்ரலில் மறுபடி எழுந்து நடமாடத் தொடங்கியது. வியாபார உரிமம், சொத்து வரி, தொழில் வரி, விளம்பரப் பலகை என்று ஒரு கடைக்காரருக்கும் ஸ்தல ஸ்தாபனத்துக்கும் இடையிலுள்ள விவகாரங்கள் பலவற்றுக்கும், பழைய மாநகராட்சிச் சட்டங்களும் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் போய், இதுவே ஆதாரமாயிற்று. 1998 என்ற வருஷத்தைத் தலைப்பில் தாங்கிய ஒரு சட்டத்தை, 2023-இல் புதிய செய்தியாகப் படிக்க வேண்டும் என்ற புத்தி சட்ட வாசிப்பில் பழகியவருக்குத்தான் தோன்றும்.

அனுமதி என்ற கட்டத்தைப் பற்றி அண்மைக் காலத்தில் நிரம்பப் பேசப்பட்டுவிட்டது. அரசியல் சாசனத்தின் 200-ஆவது பிரிவின்படி ஆளுநர் அனுமதி அளிக்கலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைக்கலாம். இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் நடந்து வந்த பாதையைப் பார்த்தால் இவை வெறும் ஏட்டுச் சொற்கள் அல்ல என்பது விளங்கும். 2021-இல் இயற்றிய முதல் திருத்தத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2022 அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது; அதே மாதத்தில் பேரவை சட்டமுன்வடிவை நிறைவேற்றியது; அவை கூடிய ஆறு வாரத்தில் அவசரச் சட்டம் முடிந்துவிடும் என்ற சாசன நியதிப்படி நவம்பர் இறுதியில் அது காலாவதியாக, சட்டமுன்வடிவோ அனுமதியின்றி ராஜ்பவனில் இருந்தது. 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பப்பட்டு, மார்ச் 23 அன்று மறுபடியும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் அனுமதி பெற்றது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மி, போக்கர் ஆகிய திறமை விளையாட்டுகளுக்கு மட்டும் அது பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே இணையவழி விளையாட்டுகளைப் பற்றி ஒரு சட்டம் இயற்றிவிட்டது. நாலு வருஷத்துக்குள் ஒரே விஷயம் எத்தனை முறை சட்டவிரோதமாகி, சட்டபூர்வமாகி, மறுபடி மாறியிருக்கிறது பாருங்கள். இணையவழி விளையாட்டு நிறுவனங்களுக்கு விளம்பரத் தட்டி அச்சிட்டுக் கொடுத்த சிறு அச்சகத்தாரும், சுவரில் இடம் கொடுத்தவரும், இன்ன தேதியில் இன்னது குற்றமா அல்லவா என்று கேட்டால், அத்தேதியைக் கொண்டே பதில் சொல்ல முடியும்.

சரி, பேரவையில் வருவதை எல்லாம் ஒழுங்காகப் படித்துவிட்டால் போதுமா என்றால், போதாது. வியாபாரத்தின் அன்றாட வாழ்வைத் தொடும் கட்டளைகளில் பல, சட்டமுன்வடிவாக அவைக்கு வருவதே இல்லை. 2018 ஜூன் 5-ஆம் தேதி, ஒரு முறை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை என்பதை அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவர்கள் பேரவை விதி 110-இன் கீழ் அறிவித்தார். அவ்விதியின் கீழ் செய்யப்படும் அறிவிப்புக்கு விவாதம் கிடையாது. ஜூன் 25-ஆம் தேதி அரசாணை எண் 84 பிறந்தது. அதற்கு அதிகாரம் தந்தது 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து, கைப்பை, உறிஞ்சு குழல், தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை என்று 14 வகைப் பொருள்கள் விலக்கப்பட்டன. ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்ததை நான் குறை சொல்லமாட்டேன். அரசு செய்த நியாயமான காரியம் அது. ஆனால் அந்த ஆறு மாதமும் எங்கள் பஜாரில் பலர் பழையபடியே கொள்முதல் செய்துகொண்டிருந்து, மார்கழி பிறந்த பிறகே கையிருப்பை என்ன செய்வது என்று திகைத்தார்கள். துணிப்பை தைப்பவர்களும், வாழை இலை, தாமரை இலை, பாக்குமட்டைத் தட்டு விற்பவர்களும் முன்கூட்டியே அரசாணையைப் படித்திருந்தால் அந்த வருஷம் அவர்களுக்கு எவ்வளவு நல்ல வருஷமாக இருந்திருக்கும்!

இரவு முழுதும் கடை திறந்து வைக்கும் உரிமையும் அத்தகையதே. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கடை மூடும் நேரத்தை ஒழுங்கு செய்கிறது. அதிலிருந்து விலக்களிக்கும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாத ஊழியர் கொண்ட கடைகள் வருஷத்தின் எல்லா நாளும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் கிடைத்த அனுமதி, நிரந்தரமானதன்று. மூன்று ஆண்டுக்கு மட்டுமே உரியது. 2022-இல் மறுபடி மூன்று ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. கெடு வைத்த உரிமையை நிரந்தர உரிமையாக எண்ணிக்கொண்டு முதல் போடுகிறவர்களை நினைத்து நான் அஞ்சுவதுண்டு. பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்பவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்ற நியதி எங்கே இருக்கிறது என்று சட்டத்தைப் புரட்டித் தேடினால் கிடைக்காது. சட்டத்தின் கீழ் எழுந்த விதிகளையும் ஆணைகளையும் பார்க்க வேண்டும். மின்கட்டணமோ பேரவைக்கே வருவதில்லை. 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி முதல் உயர்ந்த கட்டணம், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவினால் உயர்ந்தது. அதற்கு முந்திய மாதத்தில் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. அந்தக் கூடங்களில் எழுந்து நின்று, குறுந்தொழிற்கூடம் ஒன்றுக்கு நிலைக்கட்டணம் எவ்வளவு சுமையாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். அவர்கள் கேட்டது அவ்வளவும் கிடைக்கவில்லை. எனினும் கேட்க வேண்டிய இடம் அது என்று அறிந்து, கேட்க வேண்டிய நாளில் அங்கே இருந்தார்கள்.

இனி வாசிக்கும் முறையைப் பற்றிச் சில சொல்கிறேன். அரசிதழ் என்னும் கெஜட் புதன்கிழமைதோறும் வெளியாகிறது. அவசர விஷயங்கள் சிறப்பு வெளியீடாக எந்நாளிலும் வரும். அதன் நான்காம் பகுதியின் முதற் பிரிவில் சட்டமுன்வடிவுகளும், இரண்டாம் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும் அச்சாகின்றன. விதிகளும் அறிவிக்கைகளும் வேறு பகுதிகளில் இருக்கும். சட்டமுன்வடிவை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் புதியவருக்குத் தலை சுற்றும். கடைசிப் பக்கத்திலுள்ள நோக்கக் காரண விளக்கவுரையை முதலில் படிக்க வேண்டும். எந்தக் குறையைத் தீர்க்க இச்சட்டம் வருகிறது என்று அமைச்சரின் பெயரால் அங்கே சொல்லப்பட்டிருக்கும். பிறகு, நடைமுறைக்கு வரும் தேதியைச் சொல்லும் முதற் பிரிவு. பிறகு, விதி செய்யும் அதிகாரத்தையும் விலக்களிக்கும் அதிகாரத்தையும் சொல்லும் பிரிவுகள். இன்ன உட்பிரிவில் இன்ன சொற்றொடருக்குப் பதிலாக இன்ன சொற்றொடர் அமைக்கப்படும் என்று மட்டும் எழுதியுள்ள திருத்தத்தை, மூலச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்த்தாலொழிய ஒன்றும் விளங்காது. விளக்கவுரை சாந்தமாகப் பேசும். உட்பிரிவில் இருப்பது வேறாக இருக்கும்.

சட்டமுன்வடிவு வரும் வரையில் காத்திருப்பதும் சரியன்று. மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்றொரு புத்தகம் வெளியிடுகிறது. தொழிலாளர் நலத்துறை, வணிகவரித்துறை, நகராட்சி நிர்வாகத்துறை, குறு சிறு நடுத்தரத் தொழில் துறை ஆகியவற்றின் குறிப்புகளை ஆண்டுதோறும் பொறுமையுடன் படிப்பவருக்கு, அடுத்த ஆண்டுச் சட்டத்தின் வித்து எங்கே விழுந்திருக்கிறது என்பது பெரும்பாலும் தென்பட்டுவிடும். அதைப் போலவே அண்டை மாநிலங்களையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோழிக்கோட்டு ஜவுளிக் கடைப் பெண்கள் பல ஆண்டு போராடியதன் பயனாகக் கேரளம் 2018-இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் அதே உரிமை 22-ஏ என்ற பிரிவாக நமது கடைகள் சட்டத்துக்குள் வந்தது. கர்நாடகம் 2023-இன் தொடக்கத்தில் தொழிற்சாலை வேலை நேரத்தைத் திருத்தியது. இரண்டே மாதத்தில் நான் முதலில் சொன்ன 65-ஏ நம் பேரவைக்கு வந்தது. கர்நாடகத்தில் பெய்த மழை சில நாள் கழித்து மேட்டூரில் தெரிவதைப் போலவே, சட்டங்களும் எல்லை கடந்து வருகின்றன.

நமது மாகாணத்து வியாபாரிகளுக்கு இந்தக் கவனம் புதியதும் அல்ல. 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜியின் மந்திரிசபை, அதனால் குறையும் கலால் வருமானத்தை ஈடு செய்வதற்காக 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே இவ்விதமான பொது வரிக்கு அதுவே முதலாவது. அன்றைய வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன் வழித்தோன்றலாக 1959-ஆம் ஆண்டுச் சட்டமும், 2007 ஜனவரி முதல் மதிப்புக்கூட்டு வரியும் வந்தன. 2017 ஜூலை முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், விகிதத்தைத் தீர்மானிக்கும் இடம் கோட்டையிலிருந்து டில்லியில் கூடும் மன்றத்துக்குப் போய்விட்டது. பெட்ரோல், டீசல், மது போன்ற சிலவே மாநிலத்தின் தனிக் கைவசம் எஞ்சியிருக்கின்றன. மாநிலச் சட்டத்தை இனி எதற்குப் படிக்க வேண்டும் என்று சில அன்பர்கள் கேட்பது இதனால்தான். வரி போயிற்று; வாடகையும் உரிமமும் வேலை நேரமும் நிலமும் நீரும் பெயர்ப்பலகையும் இன்னும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன, அல்லது மாநிலமும் மத்திய அரசும் பங்கிட்டுக்கொள்ளும் பட்டியலில் இருக்கின்றன என்பதே அவர்களுக்கு என் பதில்.

பெரிய கம்பெனிகளுக்கு இக்காரியத்துக்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு சட்டமுன்வடிவு எழுதப்படும் தருவாயிலேயே துறைச் செயலகத்தில் தங்கள் யோசனையைத் தெரிவிக்கவும் அவர்களால் முடிகிறது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தன் நலனை அரசிடம் எடுத்துரைப்பது ஜனநாயகத்தில் யாவருக்கும் உள்ள உரிமை. ஆனால் சிறு கடைக்காரருக்கு அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம். அவர் தம் நலனைப் பற்றிய சட்டத்தை முதன்முதலாகச் சந்திப்பது பெரும்பாலும் ஆய்வாளர் கையிலுள்ள நோட்டீசில்தான். அப்போது வாதாடுவதற்கு இடம் நீதிமன்றம் ஒன்றே. அங்கே போவதற்கு வேண்டிய பொருளும் பொழுதும் அவரிடம் இல்லை.

இந்த வேலையில் ஈடுபடுகிறவர்களுக்கு ஒரு நேர்மை இன்றியமையாதது என்று உறுதியாக நம்புகிறேன். வியாபாரிகளின் சார்பில் படிக்கிறேன் என்பதனால், வியாபாரிகளுக்குச் செலவு வைக்கும் சட்டம் எல்லாம் கெட்ட சட்டம் என்று எழுதிவிடக் கூடாது. உட்காரும் உரிமைச் சட்டம் வந்தபோது, நாற்காலிக்கு இடம் எங்கே, விற்பனை என்ன ஆவது என்றெல்லாம் எங்கள் கூட்டத்தில் ஆட்சேபங்கள் கிளம்பின. காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் பெண்களின் கால் நரம்பு என்ன பாடுபடும் என்பதை நோக்கக் காரண விளக்கவுரை குறிப்பாகவேனும் சொல்லியிருந்தது. அதையே சுற்றறிக்கையின் முதல் பத்தியில் எழுதினேன். இது நியாயமான சட்டம், இதை எதிர்த்து மகஜர் அனுப்பலாகாது, ஒரு வரிசை முக்காலி போடுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று மட்டும் பார்ப்போம் என்றும் சேர்த்து எழுதினேன். சிலருக்குக் கோபம். ஆனால் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மூத்த அங்கத்தினர் ஒருவர், "எங்க கடைப் பிள்ளைகளும் நம்ம வீட்டுப் பிள்ளைகதான தம்பி" என்று எழுந்து சொன்னபின் விவாதம் முடிந்துவிட்டது.

அரசாங்கத்திடம் நான் கேட்பவை இரண்டே. எந்தச் சட்டமுன்வடிவும் நாடாளுமன்றத்துக்கு வருமுன் முப்பது நாளேனும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசு 2014-இல் தன் இலாகாக்களுக்கு ஒரு கொள்கை வகுத்தது. எல்லாச் சமயத்திலும் அது அனுசரிக்கப்படுவதில்லையாயினும், கொள்கை நல்ல கொள்கை. நம் மாநிலம் அதனைச் சட்டமாகவே செய்துகொள்ள வேண்டும். அடுத்து, ஒவ்வொரு சட்டமும் இன்று வரையில் ஏற்பட்ட திருத்தங்கள் எல்லாவற்றையும் உள்ளடக்கி, நடைமுறைக்கு வந்த தேதிகளோடு, அதன் விதிகளும் அமலிலுள்ள அரசாணைகளும் பக்கத்திலேயே இருக்கும்படி, தமிழில் ஒரே இடத்தில் அரசாங்கமே பிரசுரிக்க வேண்டும். பொருத்திப் படிக்கும் பிரயாசையைத் தனித்தனிக் கடைக்காரர் தலையில் சுமத்துவது எவ்விதத்திலும் நியாயமில்லை. இயற்றியவரே அதைச் செய்து தருவதுதான் முறை. வருகிற கூட்டத்தொடருக்கு முன் எங்கள் சங்கம் அனுப்பவிருக்கும் மகஜரில் இவ்விரண்டையே எழுதியிருக்கிறோம். மற்ற ஊர்ச் சங்கத்தாரும், தொழிற்சங்கத்தாரும் கூட, இதே கோரிக்கையைத் தத்தம் தொகுதி உறுப்பினரிடம் நேரில் கொடுப்பார்களேயானால், கட்சி பேதம் பாராமல் நாங்களும் உடன் வரத் தயாராயிருக்கிறோம்.